எனக்கு எழுத்தைத் தாங்கோ

தங்கச்சி,

இன்று காலை மடவளையில் பஸ் ஏறியபோது இருக்க இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு முன்னால் நெரிசலில் பஸ் நின்றுவிட்டது. அப்போது எனக்குப் பின்னால் இருந்த இருக்கையில் ஒரு போன் பேசத் தொடங்கியது. மனிதர் பேசும் வேகமில்லை அது. சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்துகொண்டு ஓடின. பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர், "இது என்ன பாஷையோ" என்று முகம் சுளித்தார். எனக்கு மட்டும் அது தமிழ் என்று விளங்கியது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் குரல் அது. கண்தெரியாதவர்கள் பழகப் பழக அதன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள் என்று நீதான் எனக்குச் சொல்லியிருந்தாய்.

திரும்பிப் பார்த்தேன். நடுத்தர வயதுக்காரர் ஒருவர் போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். யாரோ அவருக்கு நல்ல சேதி அனுப்பியிருக்க வேண்டும். கண்டி வந்து சேரும்வரை எனக்கு உன் நினைவுதான். பல்கலைக்கழகக் கந்தோருக்கு வந்ததும் வேறு வேலை ஓடவில்லை. நீ போய் இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. உனக்குத் தெரிந்ததையும் நீ போனபின் நடந்ததையும் ஒரு தடவை முழுதாகச் சொல்லிவிட வேண்டும்போல் இருக்கிறது.

நீ முதன்முதலாக எங்கள் செய்திப் பிரிவுக்கு வந்தபோது நான் அங்கே வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பரீட்சை மாற்றம், விடுதித் தண்ணீர் வெட்டு, பஸ் நேரம், ஊழியர் மருத்துவ முகாம், நூலக விடுமுறை என்று பல்கலைக்கழகத்துச் செய்திகளை மாணவர்களுக்கும் ஊழியர்களுக்கும் அனுப்புகிற பிரிவு அது. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வருவதைத் தமிழாக்குவது என் வேலை. அந்த வேலைக்கு என்னைத் தவிர வேறு ஆள் இல்லை.

வெள்ளைக் கோலால் கதவு நிலையைத் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாய்.

"தமிழில செய்தி போடுற மிஸ் ஆர்?"

"நான்தான். வாங்க, இரிங்க. கதிரை உங்களுக்கு வலப்பக்கம் ஈக்கி."

நீ கதிரையில் இருக்கவில்லை. போனை என் மேசையில் வைத்தாய். சத்தத்தைக் கூட்டினாய். விரலால் திரையைத் தள்ளினாய். "படம்," என்றது போன். மறுபடி தள்ளினாய். "படம்." இன்னொரு தடவை. "படம்."

"இதுதான் மிஸ் உங்கட செய்தி. கம்பஸுக்கு வந்த நாளிலயிருந்து எனக்குக் கிடைச்ச செய்தியெல்லாம் இதுதான்."

எனக்கு உடனே விளங்கவில்லை. எங்கள் வழக்கம் அப்படி. அறிவித்தலை அச்சடித்து, பொறுப்பானவர் கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, அதைப் படம்பிடித்துப் போடுவோம். பார்ப்பவர்களுக்கு அதில் எழுத்து தெரியும். உன் போனுக்கு அது வெறும் படம். உள்ளே பரீட்சையா, தண்ணீர் வெட்டா, தடுப்பூசியா என்று அதற்குத் தெரியாது. நீதான் பொறுமையாக விளக்கினாய்.

பிறகு நடந்ததைச் சொன்னாய். உன் பரீட்சை பின்னேரம் நடக்க இருந்தது. மண்டபம் வேறொன்றுக்குத் தேவைப்பட்டதால் அதைக் காலைக்கு மாற்றி அறிவித்தல் போட்டார்கள். உனக்கு வழமையாக அறிவித்தல்களை வாசித்துச் சொல்லும் சிநேகிதி, அண்ணனின் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தாள். நீ தலை குளித்து, நேரத்தோடு சாப்பிட்டு, மதியம் தாண்டி மண்டப வாசலுக்குப் போனாய். உள்ளே கதிரைகளை இழுத்து அடுக்கும் சத்தம்தான் கேட்டதாம். காவலாளி, "பரீட்சை முடிஞ்சு எல்லாரும் போயிட்டாங்களே, நங்கி" என்று, சிங்களத்தில் தங்கையைக் கூப்பிடுவதுபோல், சொன்னாராம். அவர் பகிடி விடுகிறார் என்று நீ முதலில் சிரித்தாயாம்.

முறையிட்டாய். அறிவித்தல் உரிய முறையில் வெளியிடப்பட்டது, அடுத்த வருடத்தாரோடு எழுதலாம் என்று பதில் வந்தது.

"அந்தப் பதிலையும் படமாத்தான் அனுப்பினவை மிஸ்," என்றாய். இந்தத் தடவை நீ சிரிக்கவில்லை.

பரீட்சைக் கிளைக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்கப்போகிறாய் என்று நினைத்தேன். நீ கோலை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு, நேரே நிமிர்ந்து நின்று சொன்னாய்: "அது போனது போனதுதான். அடுத்த அறிவித்தல் எனக்குப் படமா வரக்கூடாது. அதுக்குத்தான் வந்தனான்."

நம் பொறுப்பாளரை உனக்கு நினைவிருக்கும். கலகெதரவிலிருந்து ஒவ்வொரு நாளும் பழைய மோட்டார்சைக்கிளில் வருபவர். கெட்ட மனிதரில்லை. வழக்கத்தை மாற்றுவதென்றால்தான் பயம். உன்னை அவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் சிங்களத்தில் சொன்னதை நான் உனக்குத் தமிழில் சொன்னேன். கையெழுத்தும் முத்திரையும் இல்லாமல் போட்டால், யார் வேண்டுமானாலும் பொய் அறிவித்தல் செய்து பரப்பலாம் என்று அவர் கவலைப்பட்டார்.

நீ கொஞ்சமும் யோசிக்கவில்லை. "கையெழுத்தை நீங்களே வைச்சிருங்கோ சேர். எனக்கு எழுத்தைத் தாங்கோ."

நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து உன்னைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்கு நேரம் இருந்தால் படத்துக்குக் கீழே எழுத்தாகவும் போடுங்கள்" என்றார். நேரம் இருக்கிறதா என்று அவர் என்னிடம் உண்மையில் கேட்கவில்லை. நானும் இல்லையென்று சொல்லவில்லை.

அப்படித் தொடங்கியதுதான். ஆனால் நீ அதோடு விட்டாயா? இரண்டு கிழமை கழித்துத் திரும்பவும் வந்தாய். பிற்பகலைக் குறிக்கும் 'பி.ப.' என்பதை இயந்திரம் 'பிப' என்று வாசிக்கிறதாம். மண்டபங்களின் பெயரைக் கடித்துத் துப்புகிறதாம். அதோடு, எழுத்தை வாசிக்கிற அளவுக்கு நல்ல போன் இல்லாத கண்தெரியாத மாணவர்கள் மற்றப் பீடங்களில் இருந்தார்கள்.

"நீங்களே வாசிச்சுப் போடுங்கோவன் மிஸ். கிழமைக்கு ஒருக்கா. உங்கட குரல்ல."

நான் மறுத்தேன். "சிரிப்பாங்க தங்கச்சி. எங்கட பேச்சு வேற, செய்தி வாசிக்கிற பேச்சு வேற. நான் வாயத் திறந்தாலே மடவளைன்னு தெரிஞ்சிரும்."

"சிரிக்கிறவன் செய்தியைக் கேட்டிட்டுத்தானே சிரிக்கப்போறான்? கேட்டால் போதும்."

வியாழக்கிழமை மதிய இடைவேளையில், பழைய கடதாசிக் கட்டுகள் அடுக்கிய களஞ்சிய அறையில் பதிவுசெய்தோம். அந்தக் கட்டுகள் எதிரொலியை விழுங்கிவிடும் என்று கை தட்டிப் பார்த்து நீதான் அந்த அறையைத் தேர்ந்தாய். நான் போனைப் பிடித்துக்கொண்டு வாசிப்பேன். நீ கட்டொன்றின்மேல் ஏறி இருந்து கேட்பாய். நான் தடக்கினால் நாக்கால் 'ச்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், நான் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"முதல்ல எப்ப எண்டு சொல்லுங்கோ. பிறகு எங்க. ஏன் எண்டதைக் கடைசியில சொல்லலாம், அது அவ்வளவு அவசரமில்லை."

கந்தோர் அறிவித்தல்கள் எல்லாம் 'ஏன்' என்பதில்தான் தொடங்கும். மேற்படி விடயம் தொடர்பாக, மேலிடத்துப் பணிப்புரைக்கமைய என்று நீட்டி, கடைசி வரியில் நேரம் வரும். உன் வரிசைப்படி மாற்றி எழுதப் பழகினேன். கொஞ்ச நாளில் என் சிங்கள, ஆங்கில மூலங்களையே பொறுப்பாளரிடம் கொண்டுபோய், இந்த வரியை மேலே தூக்கலாமா என்று கேட்கத் தொடங்கினேன். நான் எப்போது இப்படி வாய் காட்டப் பழகினேன் என்று எனக்கே தெரியாது.

நோன்பு மாதத்தில் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தாய். வாசலில் உம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டு, "புள்ள, இங்கின ஒரு படி ஈக்கி, பாத்துக் கால வைங்க" என்றுவிட்டு, தான் சொன்ன வார்த்தை காதில் விழுந்ததும் பதறிப்போனார். நீ, "பார்த்துத்தான் வைக்கிறன் உம்மா. கால்தான் பார்க்குது" என்றாய். உம்மாவுக்குச் சிரிப்பு வந்து கண்ணில் நீர் வந்துவிட்டது. பாங்கு சொன்னதும் எங்களோடு சேர்ந்து பேரீச்சம்பழம் வாயில் போட்டாய், இரண்டு கோப்பை கஞ்சி குடித்தாய். அன்றுதான் மிஸ் என்பதை விட்டு, அக்காவை எங்கள் வீட்டில் கூப்பிடும் 'ராத்தா' என்ற சொல்லால் கூப்பிடத் தொடங்கினாய். யாழ்ப்பாணத்து இழுவையில் அந்தச் சொல்லைக் கேட்க எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஆசை. உம்மா வேண்டுமென்றே, "யாரக் கூப்பிட்றீங்க?" என்று கேட்டுத் திரும்பச் சொல்ல வைப்பார்.

அடுத்த வருடத்தாரோடு அந்தப் பரீட்சையை எழுதினாய். உன்னோடு படித்தவர்கள் அதற்குள் முடித்துப் போய்விட்டார்கள். உன் முகத்தில் அதற்கான வருத்தத்தை ஒரே ஒரு தடவைதான் கண்டேன். அவர்கள் பட்டமளிப்பு விழாவுக்கு வந்து, கன்டீன் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுக்கு மேல நிக்க வேண்டாம், களஞ்சியத்துக்குப் போவம்" என்றாய். அன்று வியாழக்கிழமைகூட இல்லை. அங்கே கடதாசிக் கட்டின்மேல் ஏறி இருந்தாய். பிறகு, "முடிச்சிட்டுத்தான் போவன், ராத்தா. பிந்தினாலும் பரவாயில்லை" என்றாய்.

முடித்தாய். பெறுபேறு வந்த நாளில் அறிவித்தலை நானே உனக்கு வாசித்தேன். என் குரல் தடக்கியது. நீ 'ச்' சொல்லவில்லை.

பிறகு சாவகச்சேரிக்கு வீட்டுக்குப் போனாய். பட்டமளிப்புக்கு வந்து எங்கள் வீட்டில் தங்குவதாகப் பேச்சு. உம்மா உனக்கென்று மெத்தை விரிப்புகூட வாங்கி வைத்துவிட்டார். நடுவில் மழை தொடங்கியது. உனக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டபோது நான் பெரிதாக எடுக்கவில்லை. அந்தக் கிழமைச் செய்தியைக் கேட்டுவிட்டு ஆசுபத்திரிக் கட்டிலிலிருந்து நீ அனுப்பிய குரல் இன்னும் என் போனில் இருக்கிறது. "ராத்தா, பஸ் நேரம் சொல்லேக்க 'பிற்பகல்' எண்டதை விழுங்கிப்போட்டியள். ஆராவது விடியக்காலமை போய் நிக்கப்போகினம். திருத்திப் போடுங்கோ." குரல் களைத்திருந்தது. நான் திருத்திப் போட்டேன். போட்டுவிட்டேன் என்று உனக்குச் சொன்னேன். அதற்குப் பதில் வரவில்லை. டெங்கு உன்னை இரண்டு நாளில் கொண்டுபோய்விட்டது.

நானும் என் கணவரும் விடியற்காலைப் பஸ்ஸில் வந்தோம். உன் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். யாரிடம் போய் என்னைச் சொல்லிக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன். பக்கத்தில் இருந்த ஒருவரிடம், "அம்மா எங்க?" என்று கேட்டேன். உள்ளே சுவரில் சாய்ந்திருந்த உன் அம்மா தலையைத் தூக்கினார்.

"இது செய்தி வாசிக்கிற பிள்ளையெல்லோ?"

என்னை அவர் அதற்கு முன் கண்டதேயில்லை. குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். வியாழக்கிழமைகளில் நீ போனைச் சத்தமாக வைத்துவிட்டு என் வாசிப்புக்குக் குறை சொல்லிக்கொண்டிருப்பாயாம். ஆண்கள் சுடலைக்குப் போனபின், நான் அவர் பக்கத்தில் இருந்தேன். அவர் என் கையை விடவேயில்லை. செய்தி வாசிக்கிறவளுக்கு அன்று வாய் இல்லாமல் போனது.

அந்தக் கிழமை வியாழக்கிழமை வாசிப்பு இல்லை. திரும்பி வந்த நாள், கந்தோர்ப் படியில் துப்புரவு வேலை செய்யும் அக்கா ஒருவர் என்னை மறித்தார். மேலே தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து வருபவர். அதுவரை எனக்கும் அவருக்கும் சிரிப்பளவில்தான் பழக்கம்.

"ஏன் மிஸ், இந்த வாரம் உங்க சத்தத்தக் காணோம்? நாங்க அதப் போட்டுக்கிட்டுதான் ஹோலக் கூட்டுவோம். கண்ணு டெஸ்ட் பண்றாங்கன்னு நீங்க சொன்னதுனாலதான நானே போனேன். போர்டுல ஒட்டியிருந்துச்சாம். அதெல்லாம் யாரு நின்னு பாக்குறா?"

மூக்குக்கண்ணாடியைத் தொட்டுக் காட்டினார். நான் நன்றி சொல்லிவிட்டு மேலே போனேன். பொறுப்பாளர் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். முதலில் உன்னைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தயங்கித் தயங்கி, குரல் செய்தியை இனி நிறுத்தலாம் என்றார். "அந்தப் பிள்ளைக்காகத்தானே தொடங்கினோம். உங்களுக்கும் வேலை அதிகம். அடுத்த கூட்டத்தில் இதை முடித்துவிடுவோம்." இரக்கத்தோடுதான் சொன்னார். அதனால்தான் எனக்கு மறுக்கக் கஷ்டமாக இருந்தது.

"கூட்டத்தில் நானும் பேச வேண்டும், சேர்," என்றேன்.

கூட்டத்துக்கு முந்திய நாள்களில் போனைத் தூக்கிக்கொண்டு வளாகம் முழுக்க நடந்தேன். மேட்டு விடுதி, கன்டீன் பின்கட்டு, பஸ்சாரதிகள் இருக்கும் கொட்டகை. கேட்கிறீர்களா, ஏன் கேட்கிறீர்கள் என்று கேட்டு, சம்மதித்தவர்களின் குரலைப் பதிந்தேன். விஞ்ஞான பீடத்தில் உன்னைப்போலவே கண்தெரியாத ஒரு மாணவன் பேசினான். அவனிடம் இருப்பது பொத்தான் போன். கூட்டாளி ஒருவன் தன் போனைப் பக்கத்தில் வைத்துக் கேட்கவிடுவானாம். கண்ணாடி அக்கா பேசினார். விடுதி ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் சிங்கள அம்மா ஒருவர், தமிழ்ப் பிள்ளைகளின் அறையிலிருந்து என் குரல் கேட்டால் கூப்பிட்டு விசாரிப்பாராம். "அவர்களுக்கு மட்டும் வாசித்துச் சொல்கிறீர்கள், எங்களுக்கு ஏன் இல்லை?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். அந்தச் சண்டையையும் பதிந்துகொண்டேன்.

கூட்டத்தில் அறிக்கை எழுதிக் கொடுக்கவில்லை. போனை மேசை நடுவில் வைத்து அழுத்தினேன். பரீட்சைக் கிளை அதிகாரி மட்டும் பழைய கேள்வியைக் கேட்டார். கையெழுத்துள்ள படம்தான் பாதுகாப்பு, எழுத்தை யாரும் மாற்றலாமே?

என் குரல் தடக்கவில்லை, தங்கச்சி. அத்தனை வியாழக்கிழமை பழகிய குரல். "நான் எதையும் எடுக்கச் சொல்லவில்லை சேர். படமும் இருக்கட்டும். எழுத்தும் குரலும் அதோடு சேர்ந்து போகட்டும். ஒரு பிள்ளை பரீட்சை முடிந்த மண்டபத்துக்குச் சாப்பிட்டுவிட்டு வந்து நின்றாள். அது திரும்ப நடக்கக்கூடாது." அவர் கீழே பார்த்துக்கொண்டார். நம் பொறுப்பாளர் பேனையை எடுத்து எழுதத் தொடங்கினார்.

இப்போது குரல் செய்தி சிங்களத்திலும் போகிறது. வாசிப்பது யார் தெரியுமா? என்னோடு சண்டைக்கு வந்த அந்த விடுதி அம்மாதான். நான் அவருக்கு 'ச்' சொல்கிறேன். எழுத்து இல்லாமல் படம் மட்டும் அனுப்பும் கிளைகள் இன்னும் இருக்கின்றன. நான் போடுவதில்லை. எழுத்தைத் தாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுகிறேன். சிலர் எரிச்சலோடு போன் எடுப்பார்கள். முதுகுக்குப் பின்னால் எனக்கு 'திருப்பி அனுப்பும் மிஸ்' என்று பெயர். இருக்கட்டும்.

போன மாதம் ஒரு பின்னேரம் உன் அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. சுகம் விசாரித்துவிட்டு, "உங்கை செவ்வாய்க்கிழமை தண்ணி நிக்குமாமெல்லோ பிள்ளை? வாளியில பிடிச்சு வைச்சிட்டியளோ?" என்றார்.

எனக்கு ஒரு கணம் எந்தத் தண்ணீர் என்றே விளங்கவில்லை. பிறகுதான் அந்தக் கிழமை நான் வாசித்தது நினைவுக்கு வந்தது. மேட்டு விடுதிகளின் தண்ணீர் வெட்டு.

"அம்மா, நீங்க கேக்கிறீங்களா?"

"ஓம் பிள்ளை. அவளின்ர போனுக்கு இன்னும் வருது. வியாழக்கிழமை பின்னேரத்தில போட்டுவிட்டிட்டு இருப்பன். அந்த இடமெல்லாம் எனக்கு எது எங்கையெண்டு தெரியாது. ஆனால் எந்த விடுதிக்குத் தண்ணியில்லை, எந்தப் பாதையால பஸ் போகாது எண்டு தெரிஞ்சு வைச்சிருக்கிறன். அவள் நடந்து திரிஞ்ச இடமெல்லோ."

அந்தத் தண்ணீர் வெட்டு எனக்கில்லை. நான் இருப்பது மடவளையில். ஆனாலும், "பிடிச்சு வச்சிட்டேன் அம்மா" என்றேன்.

அதற்குப் பிறகு என் வாசிப்பில் ஒரு மாற்றம். 'மேட்டு விடுதி' என்று நிறுத்தாமல், 'நூலகத்தைத் தாண்டி இடப்பக்கம் ஏறினால் வரும் மேட்டு விடுதி' என்கிறேன். 'கலை மண்டபம்' என்றால், 'பெரிய மாமரத்துக்கு எதிரே, படி வைத்த கலை மண்டபம்' என்கிறேன். நேற்றுப் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டு, வளாகத்தில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் தெரியும்தானே, ஏன் நீட்டுகிறீர்கள் என்று கேட்டார்.

"இங்கே ஒரு தடவையும் வராத ஒருவர் கேட்கிறார், சேர்," என்றேன். "அவருக்கு வழி தெரிய வேண்டும்."